சாப்ட்வேர் டீமில் இத்தனை பேர் தேவையா?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சாப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்பவர் ஒருவராவது இருப்பார். என்ன வேலை என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். புரோகிராமர் என்றால் உடனே புரிந்துவிடும். டெஸ்டர், பிசினஸ் அனலிஸ்ட், மாட்யூல் லீட், புராஜெக்ட் மேனேஜர், டெலிவரி மேனேஜர், ஸ்க்ரம் மாஸ்டர் என்று பதில் வந்தால்? புரோகிராம் எழுதுபவர் ஒருவர் என்றால் சுற்றியுள்ள மற்றவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும்.

இதே கேள்வியைக் கம்பெனிகளும் கேட்டுக் கொண்டிருக்கின்றன. 2014-ல் மைக்ரோசாப்ட் தனி டெஸ்டர் பதவிகளைப் பெருமளவில் குறைத்தது. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி, ஸ்க்ரம் மாஸ்டர் போன்ற பதவிகளில் இருந்த 1,100-க்கும் மேற்பட்டவர்களை நீக்கியது. அதே ஆண்டில் மெட்டா நிறுவனம் நடுமட்ட மேனேஜர்களைக் குறைத்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். 12 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோதும், பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் நடுமட்டத்திலும் மேல்மட்டத்திலும் இருப்பவர்கள் என்றே சொல்லப்பட்டது.

அப்படியானால் இந்தப் பதவிகள் எல்லாம் வீணா? இந்தத் துறையில் சில வருடங்களாக வேலை செய்பவன் என்ற முறையில் என் பதில் இதுதான்: பதவியை நீக்கிவிடலாம், ஆனால் அந்தப் பதவி செய்துகொண்டிருந்த வேலை நீங்காது. அது வேறு யாருடைய தலையிலாவது போய் விழும். சில சமயம் அந்தத் தலை உங்களுடையது! எப்படி என்று பார்ப்போம்.

ஒருவரே எழுதினால் என்ன?

சின்ன புரோகிராம் என்றால் ஒருவரே எழுதி, ஒருவரே சோதித்து, ஒருவரே வெளியிடலாம். தவறே இல்லை. சிக்கல் ஆரம்பிப்பது ஆட்கள் கூடும்போதுதான்.

ஒரு டீமில் 3 பேர் என்றால் அவர்களுக்கிடையே பேச்சு நடக்கும் வழிகள் 3. ஐந்து பேர் என்றால் 10 வழிகள். பத்து பேர் என்றால் 45. ஐம்பது பேர் என்றால் 1,225! ஆட்கள் 5 மடங்கு கூடினால், பேச வேண்டிய வழிகள் 27 மடங்குக்கு மேல் கூடுகின்றன. எல்லோரும் எல்லோரிடமும் பேசிக் கொண்டிருந்தால் புரோகிராம் எழுத நேரம் எங்கே இருக்கும்?

இந்தக் கணக்கை அனைவரும் அறியச் செய்தவர் ஃப்ரெட் ப்ரூக்ஸ். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 என்ற பிரம்மாண்டமான ஆபரேட்டிங் சிஸ்டம் உருவானபோது அந்தப் பணிக்குத் தலைமை வகித்தவர். அந்த அனுபவத்தை வைத்து 1975-ல் புத்தகம் எழுதினார். தாமதமாகிவிட்ட ஒரு சாப்ட்வேர் புராஜெக்டில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்ற புகழ்பெற்ற விதி அவருடையதுதான்.

அதே புத்தகத்தில், ஹார்லன் மில்ஸ் என்பவர் முன்வைத்த ஒரு யோசனையையும் ப்ரூக்ஸ் விளக்கினார். ஆபரேஷன் தியேட்டரில் கத்தி பிடிப்பவர் ஒருவர்தான், மற்றவர்கள் அவருக்கு உதவுகிறார்கள். சாப்ட்வேர் டீமும் அப்படி இருக்கட்டும் என்பதுதான் யோசனை. டீமில் மொத்தம் 10 பேர். தலைமைப் புரோகிராமர், அவருக்குத் துணையாக இன்னொருவர், நிர்வாகி, எடிட்டர், இரண்டு செக்ரட்டரிகள், புரோகிராம் கிளார்க், கருவிகளை உருவாக்குபவர், டெஸ்டர், புரோகிராம் மொழியின் நுணுக்கங்களில் கெட்டிக்காரர் ஒருவர். இந்தப் பட்டியலை இன்றைய டீமோடு ஒப்பிட்டால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

காணாமல் போன கிளார்க்

முதலில் புரோகிராம் கிளார்க்கை எடுத்துக் கொள்வோம். புரோகிராம்களைக் கார்டுகளில் துளையிட்டு இயக்கிய காலம் அது. எந்தப் புரோகிராமின் எந்தப் பிரதி கடைசியானது, நேற்று ஓடியது எது, யார் எதை மாற்றினார் என்பதையெல்லாம் பைல் போட்டுப் பாதுகாப்பது கிளார்க்கின் வேலை.

இன்று எந்த சாப்ட்வேர் கம்பெனியிலும் இந்தப் பதவி இல்லை. 1972-ல் பெல் லேப்ஸில் உருவான எஸ்.சி.சி.எஸ். தொடங்கி, 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் வரை, பழைய பிரதிகளைக் காத்து வைக்கும் சாப்ட்வேர்கள் பல வந்துவிட்டன. நான் ஒரு வரியை மாற்றினால் போதும். யார் மாற்றினார், எப்போது மாற்றினார், முன்பு அங்கே என்ன இருந்தது என்ற மூன்றும் பதிவாகிவிடும். வேண்டுமானால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

அந்த இரண்டு செக்ரட்டரிகளின் கதையும் இதுதான். வேர்ட் புராசசரும் இமெயிலும் வந்தபின் அவரவர் கடிதத்தை அவரவரே டைப் செய்து கொள்கிறோம்.

ஒன்றைக் கவனியுங்கள். கணக்கு வைக்கும் வேலை இன்றும் நடக்கிறது, முன்பைவிட நன்றாகவே நடக்கிறது. அதை முழுமையாகச் செய்ய ஒரு கருவி வந்த பிறகுதான் அந்த நாற்காலி காலியானது. இது சரியான முறை. கருவி வராமலே நாற்காலியை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த உதாரணம்.

டெஸ்டர் தேவையா?

"எழுதியவனே சோதித்துப் பார்த்தால் போதாதா?" என்று பலர் கேட்பதுண்டு. பரீட்சை எழுதிய மாணவனே தன் விடைத்தாளைத் திருத்தினால் எப்படி இருக்கும்? அவன் நேர்மையானவனாகவே இருக்கட்டும். ஒரு கணக்கை எந்த இடத்தில் தவறாகப் புரிந்து கொண்டானோ, திருத்தும்போதும் அதே இடத்தில் தவறாகத்தான் புரிந்து கொள்வான்.

எங்கள் டீமில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்காக விண்ணப்பப் படிவம் ஒன்றைத் தயாரித்திருந்தோம். பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். நாங்கள் எழுதி வைத்திருந்த தானியங்கிச் சோதனைகள் எல்லாம் பச்சை விளக்குக் காட்டின. டெஸ்டராக இருந்த அக்கா தன் சொந்தப் பெயரையே டைப் செய்தார். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இனிஷியலை மட்டும் போட்டார். "குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்" என்று படிவம் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது! நம்மூர்க்காரர்களில் பாதிப் பேர் அந்தப் படிவத்தை நிரப்பவே முடியாது. டீமில் இருந்த எல்லோருக்கும் இனிஷியல் உண்டு. ஆனால் சோதனைக்கு நாங்கள் கொடுத்திருந்த பெயர்கள் எல்லாம் அமெரிக்கப் பெயர்கள். சொல்லிக் கொடுத்ததை மட்டுமே இயந்திரம் சோதிக்கும். சொல்லாததை யோசிப்பதுதான் டெஸ்டரின் வேலை.

இனி மைக்ரோசாப்ட் விஷயத்துக்கு வருவோம். அங்கே ஒரு காலத்தில் புரோகிராமர்களுக்கு ஏறக்குறையச் சமமான எண்ணிக்கையில் டெஸ்டர்கள் இருந்த பிரிவுகள் உண்டு. 2014-க்குப் பின் சோதிக்கும் பொறுப்பு பெரும்பாலும் புரோகிராமர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டில் விண்டோஸ் இன்சைடர் என்ற திட்டம் வந்தது. பொதுமக்களில் விருப்பமுள்ளவர்கள் புதிய விண்டோஸை முன்கூட்டியே பயன்படுத்திப் பார்த்து, குறைகளை எழுதி அனுப்பலாம். அந்தக் குறை தங்களுக்கும் இருப்பதாக மற்றவர்கள் ஓட்டுப் போடலாம்.

2018 அக்டோபர் 2-ல் விண்டோஸ் 10-ன் 1809 அப்டேட் வெளிவந்தது. போட்டவர்களில் சிலருக்கு டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற போல்டர்களில் இருந்த பைல்கள் காணாமல் போயின. சில நாட்களிலேயே அப்டேட்டை நிறுத்திவிட்டார்கள். சரிசெய்து மீண்டும் வெளியிட்டது நவம்பர் 13-ல்.

காரணம் என்ன? டாகுமெண்ட்ஸ் போல்டரைச் சிலர் சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாற்றி வைத்திருப்பார்கள். அப்படி மாற்றியவர்களுக்குப் பழைய இடத்தில் இன்னொரு போல்டரும் தெரிந்தது. காலியாகக் கிடக்கும் இந்த இரட்டைப் போல்டரை நீக்குவதற்காகவே புதிதாகச் சில வரிகள் சேர்க்கப்பட்டன. ஆனால் சிலர் இடத்தை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பைல்களைப் பழைய போல்டரிலேயே விட்டு வைத்திருந்தார்கள். அந்தப் போல்டர் காலி இல்லை. இருந்தும் அது பைல்களோடு சேர்ந்து நீக்கப்பட்டது.

அப்டேட் வெளிவருவதற்கு முன்பே இன்சைடர்கள் சிலர் இதைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஆனால் அதற்குக் கிடைத்த ஓட்டுகள் குறைவு. பலருக்கு வரும் சின்னக் குறை மேலே போகும். சிலருக்கு மட்டும் வரும் பெரிய ஆபத்து அடியில் கிடக்கும். பாதிக்கப்பட்டவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் அளவுதான் என்று மைக்ரோசாப்ட் சொன்னது. ஆனால் கல்யாண போட்டோக்களைப் பறிகொடுத்த வீட்டில் இந்தக் கணக்கு எடுபடுமா? பிறகு மைக்ரோசாப்ட் என்ன செய்தது தெரியுமா? குறையை எழுதுபவர் அதன் தீவிரத்தையும் குறிப்பிடும் வசதியைச் சேர்த்தது. எது எவ்வளவு தீவிரம் என்று தரம் பிரிப்பது எப்போதுமே டெஸ்டரின் அன்றாட வேலைகளில் ஒன்று!

டெஸ்டர்களைக் குறைத்ததால்தான் இது நடந்தது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. டெஸ்டர்கள் நிறைய இருந்த காலத்திலும் விண்டோஸில் பிழைகள் இருந்தன. ஆனால் தரம் பிரிக்கும் வேலையைச் சம்பளம் வாங்காத பொதுமக்களின் ஓட்டுகளிடம் விட்டதில் இருந்த ஓட்டை தெளிவாகவே தெரிந்தது.

கருவியும் தவறும்

"இனி சோதனையை எல்லாம் கருவிகளே பார்த்துக் கொள்ளும்" என்பவர்கள் 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாப்ட்வேர் நிறுவனம் அன்று அனுப்பிய ஒரு சின்ன அப்டேட்டால், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

புதிய அப்டேட் 21 விவரங்களை எதிர்பார்த்தது. கம்ப்யூட்டரில் இருந்த புரோகிராம் கொடுத்ததோ 20. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப் போய் சிஸ்டம் விழுந்தது. முன்பு சோதித்தபோதெல்லாம் அந்த 21-வது இடத்தில் 'எது இருந்தாலும் சரி' என்ற பொதுக்குறி இருந்ததால் கோளாறு வெளியே தெரியவில்லை. அப்டேட்டைச் சரிபார்க்கும் கருவியும் இதைத் தவறவிட்டது. கம்பெனி 78 நிமிடங்களில் அப்டேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் விழுந்த கம்ப்யூட்டர்களில் பலவற்றை ஒவ்வொன்றாக ஆள் போய் சேஃப் மோடில் இயக்கி, அந்த பைலை அழிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகே இத்தகைய அப்டேட்டுகளைச் சிறிது சிறிதாக, கட்டம் கட்டமாக அனுப்பும் முறையை அந்தக் கம்பெனி கொண்டு வந்தது.

அதே நேரம் இதையும் சொல்ல வேண்டும். எக்செல் ஷீட்டில் யாரோ எழுதிக் கொடுத்த 200 சோதனைகளை வரிசையாகச் செய்து 'பாஸ்' என்று டிக் போடுவது மட்டுமே ஒருவருடைய வேலை என்றால், அதைக் கருவியிடம் விட்டுவிடலாம். கருவி அதை வேகமாகவும் சலிப்பில்லாமலும் செய்யும். புரோகிராம் கிளார்க் போன வழியிலேயே இந்த வேலையும் போகும்.

மேனேஜர் தேவையா?

எந்தக் கம்பெனி கேண்டீனிலும் அதிகமாக அடிபடும் கேள்வி இது. ஒரு கம்பெனி இதை நிஜமாகவே சோதித்துப் பார்த்தது.

2000-களின் தொடக்கத்தில் கூகுள் தன் எஞ்சினியரிங் மேனேஜர்களை நீக்கிப் பார்த்தது. அந்தச் சோதனை சில மாதங்கள்தான் தாக்குப் பிடித்தது. செலவுக் கணக்குக்கு ஒப்புதல் வேண்டும், இரண்டு பேருக்குள் சண்டை என்று எல்லோரும் நேராக நிறுவனர் லாரி பேஜிடம் போய் நின்றார்கள். மேனேஜர்கள் திரும்ப வந்தார்கள். பின்னாளில் கூகுள் தன் மேனேஜர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து, நல்ல மேனேஜருக்கு உரிய 8 குணங்களைப் பட்டியலிட்டது. நன்றாக வழிகாட்டுவது முதலிடம் பிடித்தது. தொழில்நுட்ப அறிவுக்குக் கிடைத்தது கடைசி இடம்!

நம் நாட்டு சர்வீஸ் கம்பெனிகளில் மேனேஜர் அடுக்குகள் கூடுதலாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வாடிக்கையாளர் வேறு நாட்டில் இருக்கிறார். நாம் தூங்கும்போது அவர் விழித்திருப்பார். கேள்வியையும் பதிலையும் கொண்டு சேர்க்க இடையில் ஆள் தேவை. இது நியாயமான காரணம். இரண்டாவது, பல ஒப்பந்தங்களில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டுத்தான் பில் போடுகிறார்கள். ஆளைக் குறைத்தால் பில்லும் குறையும். இதில் தேவையில்லாத நாற்காலிகள் சேர்ந்துவிட வாய்ப்பு இருக்கிறது.

நான் இருந்த ஒரு புராஜெக்டில் ஒரே வாரத்தின் வேலையை மூன்று பேருக்கு மூன்று விதமான ரிப்போர்ட்டாக அனுப்புவோம். ஒருவருக்கு எக்செல், அடுத்தவருக்குப் பவர்பாயிண்ட், இன்னொருவருக்கு இமெயில். தகவல் ஒன்றுதான்! இப்படித் தகவலை வாங்கி மேலே அனுப்புவது மட்டுமே வேலை என்றால், அந்த நாற்காலிக்கு ஆபத்து நிச்சயம். ஆனால் "இந்தத் தேதிக்குள் இது முடியாது" என்று வாடிக்கையாளரிடம் துணிந்து சொல்லி, டீமைக் காப்பாற்றும் மேனேஜரின் அருமை அவர் இல்லாதபோதுதான் தெரியும்.

ஸ்க்ரம் மாஸ்டர் தேவையா?

ஸ்க்ரம் என்பது வேலையைச் சில வாரங்கள் கொண்ட சின்னச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை. இதை 1995-ல் பொதுவெளியில் முன்வைத்தவர்கள் கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாண்டும். தினமும் 15 நிமிடத்துக்கு மேற்படாத ஒரு கூட்டம் உண்டு. டீம் இந்த முறையைச் சரியாகப் பின்பற்ற உதவுவதும், குறுக்கே வரும் தடைகளை நீக்குவதும் ஸ்க்ரம் மாஸ்டரின் வேலை.

இந்த முறையை உருவாக்கியவர்களே 2020-ல் தங்கள் கையேட்டில் ஒரு மாற்றம் செய்தார்கள். அதுவரை 'பதவி' என்ற பொருளில் இருந்த சொல்லை எடுத்துவிட்டு, 'பொறுப்பு' என்று பொருள்படும் சொல்லைப் போட்டார்கள். இந்தப் பொறுப்பை ஏற்க ஒருவர் இருந்தாக வேண்டும். அதற்காகவே தனி நாற்காலி போட வேண்டும் என்பதில்லை. கேப்பிட்டல் ஒன் வங்கியும் தன் ஸ்க்ரம் மாஸ்டர்களை நீக்கியபோது, அந்த வேலை எஞ்சினியர்களோடு சேர்க்கப்படுகிறது என்றுதான் சொன்னது. புதிதாக ஸ்க்ரம் பழகும் டீமுக்குத் தனி ஆள் உதவியாக இருப்பார். பல வருடம் பழகிய 6 பேர் கொண்ட டீமில் யாராவது ஒருவரே இதையும் சேர்த்துப் பார்த்துக் கொள்ளலாம்.

எப்படித் தீர்மானிப்பது?

எந்தப் பதவியைப் பற்றியும் கீழ்க்கண்ட மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. இவர் நாளை வராவிட்டால் எந்த வேலை நிற்கும்? எதுவும் நிற்காது என்றால் பதவி தேவையில்லை.

2. அந்த வேலையை இனி யார் செய்வார்? கருவியா, சக ஊழியரா, வாடிக்கையாளரா? பதில் தெளிவாக இல்லையென்றால் பதவியை எடுக்கக் கூடாது.

3. வேலை தவறினால் நஷ்டம் யாருக்கு? விளையாட்டு சாப்ட்வேர் நின்றால் பெரிய பாதிப்பு இல்லை. வங்கி, ஆஸ்பத்திரி, விமானம் என்றால், எழுதியவரைத் தவிர இன்னொரு ஜோடிக் கண்கள் கட்டாயம் வேண்டும்.

புரோகிராம் எழுதித் தரும் ஏ.ஐ. கருவிகளுக்கும் இதே கேள்விகள்தான். ஏ.ஐ. நிமிடத்தில் நூறு வரி எழுதித் தருகிறது. அந்த நூறு வரியும் சரியா என்று பார்க்கும் வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

முதலில் உங்கள் கம்ப்யூட்டர். முக்கியமான பைல்களுக்கு வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எப்போதும் இருக்கட்டும். காப்பி செய்தபின் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தள்ளிப் போடாதீர்கள். விண்டோஸின் புதிய பதிப்பு வரும்போது மட்டும் கொஞ்சம் பொறுத்துப் போடலாம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று விண்டோஸ் அப்டேட் பகுதியில் பார்த்தால், அப்டேட்டுகளைச் சில வாரங்கள் நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. அங்கே நிறுத்தினால் பாதுகாப்பு அப்டேட்டும் சேர்ந்தே நிற்கும் என்பதால் ஓரிரு வாரங்களுக்கு மேல் வேண்டாம்.

அடுத்து, படிக்கும் பிள்ளைகள். இரண்டு நாள் வகுப்பில் ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழ், சில மாதங்களில் டெஸ்டிங் கோர்ஸ் என்று விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். பணம் கட்டுமுன், பதவியின் பெயரைப் பார்க்காமல் எந்த வேலையைக் கற்றுத் தருகிறார்கள் என்று விசாரியுங்கள். டெஸ்டிங் என்றால் சோதனைகளைத் தானாக ஓடச் செய்யும் புரோகிராம் எழுதச் சொல்லித் தருகிறார்களா, எங்கே உடையும் என்று யோசிக்கப் பழக்குகிறார்களா என்று கேளுங்கள். பட்டன்களை வரிசையாக அழுத்த மட்டும் சொல்லித் தந்தால் அந்தக் கோர்ஸ் வேண்டாம்.

விசிட்டிங் கார்டில் உள்ள பெயர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறும். "இது உடைந்தால் யாருக்குக் கஷ்டம்?" என்று யோசிக்கத் தெரிந்தவருக்கு எந்தப் பெயரிலாவது வேலை இருக்கும்.